ஆவி போய்விடும், நீர் திரும்ப வேண்டுமே

என் பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய செம்புக் குழாய் ஒன்றைப் போன மாதம் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தேன். உள்ளே நீர் இருக்கும் என்று தெரியும், அதனால் கீழே ஒரு துணி விரித்து வைத்திருந்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. உள்சுவர் முழுக்க நாட்டுச் சர்க்கரையைத் தடவி ஒட்டியதுபோலச் செம்புத் துகள். விரலை வைத்தால் லேசான ஈரம். நடுவில் சீட்டுக்கட்டின் இரண்டு சீட்டுகளைச் சேர்த்துச் செருகினால் சரியாக நிற்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. ஃபேன் வரைக்கும் புராசசரின் சூட்டைச் சுமந்து போனது இவ்வளவுதான்.

இதற்குப் பெயர் ஹீட் பைப். இது செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான செம்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, 45 வாட் சூட்டை 15 சென்டிமீட்டர் தூரத்துக்கு அதன் வழியாகக் கடத்தப் பார்ப்போம். செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம்தான். ஆனாலும் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 600 டிகிரி வித்தியாசம் இருந்தால்தான் அந்த 45 வாட் நகரும். ஒரு முனை கைச்சூட்டில் இருந்தால் மறுமுனை பழுக்கத் தொடங்கியிருக்கும். அதே அளவுள்ள ஹீட் பைப் இந்த வேலையைச் சில டிகிரி வித்தியாசத்தில் முடித்துவிடுகிறது, உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாக இருந்தும்.

சூத்திரம் இட்லிப் பானையில் இருக்கிறது. மூடியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கொதிநீரைவிட மோசமாகச் சுடும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க 2250 ஜூலுக்கு மேல் வேண்டும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். ஆவி அத்தனையையும் சுமந்துகொண்டு மேலே போகிறது, மூடியில் பட்டு நீராகும்போது அங்கேயே இறக்கி வைக்கிறது, அப்புறம் சொட்டுச் சொட்டாகக் கீழே திரும்புகிறது. திரவம் ஆவியாகி, ஆவி மறுபடி திரவமாகி வேலை செய்வதால் இதை இருநிலைக் குளிர்விப்பு என்கிறார்கள்.

ஹீட் பைப்பில் காற்றை வெளியேற்றிவிட்டுச் சிறிது நீரை மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். காற்று இல்லாததால் நீர் ஆவியாக 100 டிகிரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. 60 டிகிரியில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான். 45 வாட்டைச் சுமக்க நிமிடத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான நீர் ஆவியானால் போதும். குழாயில் இருப்பதே ஒரு கிராம் அளவு அல்லது அதற்கும் குறைவு. ஆக, நிமிடத்துக்கு ஒரு தடவையாவது எல்லா நீரும் போய்த் திரும்பியாக வேண்டும்.

போவதில் பிரச்சினை இல்லை. ஆவி தானே ஓடும். திரும்புவதுதான் பாடு. இட்லிப் பானையைப் படுக்க வைத்தால் மூடியில் சேர்ந்த நீர் எப்படி அடுப்பின் பக்கம் வரும்? இடுக்கான இடத்துக்கு இத்தகைய கருவியை வடிவமைப்பவர்களின் மண்டைக்குடைச்சல் முக்கால்வாசி இந்த ஒரு கேள்விதான்.

சூடு கீழேயும் குளிர்ச்சி மேலேயும் இருந்தால் கேள்வியே எழாது, புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தில் பெர்கின்ஸ் குடும்பத்தார் 1830களில் உருவாக்கிய மூடிய குழாய்கள் அப்படித்தான் வேலை செய்தன. ரொட்டி அடுப்புகளில் வெகுகாலம் பயன்பட்டன. அலாஸ்காவில் 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய பெருங்குழாயின் தூண்களிலும் இதே உத்தி. கீழே உறைந்த மண் இளகித் தூண் சரிந்துவிடாமல் இருக்க, 1,20,000க்கும் மேற்பட்ட அம்மோனியாக் குழாய்கள் மண்ணின் சூட்டை மேலே குளிர்காற்றுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. இடத்துக்கு அங்கே என்ன பஞ்சம்.

தலைகீழான நிலைமையை முதலில் எதிர்கொண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ரிச்சர்ட் காக்லர். 1942இல் விண்ணப்பித்து 1944இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு வேண்டியிருந்தது குளிர்சாதனப் பெட்டி: மேல் அறையில் இருக்கும் சூட்டை எடுத்து, கீழே தட்டில் இருக்கும் பனிக்கட்டிக்குக் கொண்டுவர வேண்டும். கீழே சேரும் திரவத்தை மேலே ஏற்ற வழி? குழாயின் உள்சுவரில் ஒரு திரியை வைத்தார். அகல் விளக்கில் எண்ணெய் திரியைப் பற்றிக்கொண்டு சுடருக்கு ஏறுவதுபோலத் திரவம் தானாக ஏறும். நிறுவனம் அதைக் கண்டுகொள்ளவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1963இல், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளி அணு உலைகளுக்காக இதையே தனியாகக் கண்டுபிடித்து ஹீட் பைப் என்று பெயரும் வைத்தார். எடையற்ற விண்வெளியில் சொட்டிக் கீழே விழ ‘கீழே’ என்று ஒன்று கிடையாது. திரியை விட்டால் வேறு கதி இல்லை. 1967இல் சுற்றுப்பாதையில் சோதனையே நடந்துவிட்டது.

நான் அறுத்த குழாயில் இருந்த நாட்டுச் சர்க்கரைப் படிவம்தான் திரி. செம்புத் தூளைக் கொட்டி, உருகாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சூளையில் சுட்டு எடுப்பார்கள். சில குழாய்களில் இதற்குப் பதில் மெல்லிய கம்பி வலை இருக்கும், சிலவற்றில் சுவரிலேயே வெட்டிய வரிப்பள்ளங்கள்.

திரியின் துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு வலுவாக நீரை இழுக்கும். 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள துளை, 60 டிகிரி நீரை ஏறத்தாழ 2600 பாஸ்கல் அழுத்தத்தில் இழுக்கும். இந்த 2600தான் மாதச் சம்பளம். எல்லாச் செலவும் இதற்குள் அடங்க வேண்டும். புராசசர் மேலேயும் ஃபேன் 15 சென்டிமீட்டர் கீழேயும் இருக்கும்படி நிமிர்த்தி வைத்தால், நீரைத் தூக்குவதற்கே 1450 போய்விடும். சரி, துளையைப் பாதியாக்கிச் சம்பளத்தை இரட்டிப்பாக்கலாமே என்றால், சிறிய துளை வழியாக நீர் ஓடுவது கடினம். துளை பாதியானால் இழுவை இரண்டு மடங்கு, ஓட்டத்துக்கான தடையோ நான்கு மடங்கு. சற்றுத் தூரம் ஓட வேண்டிய குழாயில் இது நஷ்ட வியாபாரம்.

செலவு திரியோடு முடிந்தால் பரவாயில்லை. ஆவிக்கும் வழி வேண்டும். லேப்டாப்பை மெலிதாக்க வேண்டும் என்பதால் 6 மில்லிமீட்டர் உருண்டைக் குழாயை 2 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக அமுக்குவார்கள். சுவர் 0.3, திரி 0.4 என்று வைத்துக்கொள்வோம். மேலும் கீழுமாக 1.4 போய்விட்டது. ஆவிக்கு மிச்சம் 0.6 மில்லிமீட்டர். இந்தச் சந்துக்குள் 45 வாட்டுக்கான ஆவி எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை போட்டேன். உருண்டைக் குழாயாக இருந்தபோது மணிக்கு 30 கிலோமீட்டர். தட்டையாக்கிய பிறகு 130. 60 டிகிரி ஆவி அவ்வளவு லேசானது, ஆகவே அவ்வளவு இடம் கேட்கிறது. இந்த வேகத்தில் சுவரோடு உராய்ந்து ஓட ஆவி மட்டுமே ஏறத்தாழ 2000 பாஸ்கலைத் தின்றுவிடும். 2600இல் 2000 போனால் நீர் திரும்புவதற்கு 600.

அதனால்தான் பல லேப்டாப்களில் புராசசர் மேல் இரண்டு குழாய்கள் இணையாக ஓடுகின்றன. ஒன்று கெட்டால் இன்னொன்று என்பதற்காக என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை. சுமையைப் பிரித்து ஆவியின் வேகத்தைப் பாதியாக்குவதற்குத்தான். இடைவெளியை மேலும் குறைத்தால் நிலைமை சட்டென்று கெடும். அதே அகலத்தில் இடைவெளி பாதியானால் ஆவிக்கான தடை எட்டு மடங்கு. வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மல்லுக்கட்டுவது இதனால்தான்.

கணக்கு உதைத்தால் என்ன ஆகும்? நீர் வந்து சேர்வதைவிட வேகமாக ஆவியாகும், சூடான முனையில் திரி காய்ந்துவிடும். எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகுவதைப் போலத்தான். அதுவரை அமைதியாக இருந்த வெப்பநிலை திடீரென்று எகிறும். புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பயனருக்குத் தெரிவது ‘லேப்டாப் திணறுது’ என்பது மட்டும்தான்.

உள்ளே ஊற்றும் திரவத்தை மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். செம்புக்குள் நீர் என்ற ஜோடியை இந்த வெப்பநிலையில் அடிக்க ஆள் இல்லை. மின்சாரம் கடத்தாத ஃபுளோரின் திரவங்கள் இருக்கின்றன. அவற்றின் உள்ளுறை வெப்பம் நீரில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. சர்வரை அப்படியே முக்கிக் கொதிக்க விடலாம் என்பதுதான் அவற்றின் பெருமை. அமெரிக்காவின் குவின்சியில் மைக்ரோசாஃப்ட் 2021இல் 50 டிகிரியில் கொதிக்கும் திரவத்தொட்டியில் சர்வர்களை இறக்கியது. அடுத்த ஆண்டே, இந்த வகைத் திரவங்களின் முக்கிய உற்பத்தியாளரான 3எம், சூழலில் சிதையாமல் தங்கிவிடும் இந்த ரசாயனக் குடும்பத்தின் தயாரிப்பை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. உலோகத்தை மாற்றி அலுமினியமாக்கலாமா? எடை குறையும், ஆனால் அலுமினியமும் நீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அந்த வாயு குளிர்ந்த முனையில் போய் உட்கார்ந்துகொண்டு ஆவியை அண்டவே விடாது. செயற்கைக்கோள்களில் அலுமினியத்தோடு அம்மோனியாவைப் போடுவது இதனால்தான்.

செல்போனில் சண்டை இன்னும் நெருக்கமானது. அங்கே குழாயைவிட ‘வேப்பர் சேம்பர்’ என்னும் தகடு பொருத்தம்: இரண்டு மெல்லிய உலோகத் தாள்கள், நடுவே வலை, ஓரத்தில் சுற்றிலும் ஒட்டு. மொத்தத் தடிமன் 0.3, 0.4 மில்லிமீட்டர். உள்ளே வெற்றிடம் என்பதால் வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. 10க்கு 6 சென்டிமீட்டர் தகடு என்றால் ஓர் ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். அப்பளம்போல நொறுங்காமலிருக்க உள்ளே குட்டிக் குட்டித் தூண்கள் வைக்கிறார்கள். அந்தத் தூண்களும் ஆவியின் வழியை மறிக்கும். எதையும் சும்மா தருவதில்லை இந்தத் துறை.

2016இல் கேலக்ஸி எஸ்7 வந்தபோது ஹீட் பைப்பைப் பற்றிப் பேசினார்கள். 2025இல் ஐபோன் 17 ப்ரோவுக்கும் வேப்பர் சேம்பர் வந்துவிட்டது. ‘லிக்விட் கூலிங்’ என்று விளம்பரத்தில் போடும்போது போன் குளுகுளுவென்று இருக்கும் என்ற நினைப்பை உண்டாக்குகிறார்கள். அது பாதி உண்மை. இந்தத் தகடு சூட்டை அழிப்பதில்லை, ஒரே இடத்தில் குவிந்த சூட்டைப் போன் முழுக்கப் பரப்புகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அது காற்றுக்குத்தான் போக வேண்டும். கையில் பிடிக்க முடிகிற 45 டிகிரி வரை போகலாம் என்று வைத்து, ஃபேன் இல்லாத ஒரு போனின் இரண்டு பக்கமும் எவ்வளவு வெளியேற்றும் என்று தோராயமாகப் போட்டால், 30 டிகிரி அறையில் மூன்றரை வாட் வருகிறது. சித்திரை வெயிலில் சென்னையில் 38 டிகிரி நிழலில் உட்கார்ந்தால் அதில் பாதிகூடத் தேறாது. உள்ளே எவ்வளவு நேர்த்தியான தகடு இருந்தாலும் இந்த எண் மாறாது. ஏசி அறையில் எடுத்த சோதனை வீடியோவைப் பார்த்துப் போன் வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

திரும்பும் வழிச் சிக்கலுக்கு வருவோம். சிறிய துளை நன்றாக இழுக்கும், ஆனால் நெடுந்தூரம் ஓடவிடாது என்று பார்த்தோமல்லவா? சோவியத் ஒன்றியத்தின் யூரல் பகுதியில் யூரி கெராசிமோவும் யூரி மைதானிக்கும் 1972இல் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். திரியை முழு நீளத்துக்கும் எதற்கு வைக்க வேண்டும்? சூடான முனையில் மட்டும் ஒரு மைக்ரான் அளவுக்கு நுண்ணிய துளைகளுள்ள திரியை வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் ஆவிக்கு ஒரு வெறுங்குழாய், நீருக்கு ஒரு வெறுங்குழாய். இழுவை வலுவாக, பாதையும் தடையில்லாமல். குழாய்களை எப்படி வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். வளைய ஹீட் பைப் எனப்படும் இது இன்று செயற்கைக்கோள்களில் சாதாரணம். லேப்டாப்பில் பரவவில்லை, ஏனென்றால் தட்டிய செம்புக் குழாய் அளவுக்கு மலிவாக அதைச் செய்ய முடிவதில்லை.

திரியையே தூக்கிப்போட்டுவிட்டுப் பம்பால் தள்ளினால்? ஜெனிவாவுக்கு அருகே, புரோட்டான்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தில், எல்ஹெச்சிபி என்னும் சோதனையின் ‘வெலோ’ கருவியில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிட இடுக்கான இடம் கிடையாது. புரோட்டான் கற்றையிலிருந்து வெறும் 5.1 மில்லிமீட்டர் தூரத்தில் சிலிக்கான் உணரிகள். மொத்தம் 52 பலகைகள், ஒவ்வொன்றிலும் சில பத்து வாட் சூடு. சுற்றிலும் வெற்றிடம், அதனால் காற்று வீசிக் குளிர்விக்க வழியில்லை. கதிர்வீச்சில் உணரிகள் கெடாமலிருக்கப் பூஜ்யத்துக்குக் கீழே உறைகுளிரில் வைத்திருக்க வேண்டும். குறுக்கே உலோகம் அதிகமாக இருந்தால் பறந்து வரும் துகள்கள் அதில் மோதித் திசைமாறிவிடும், ஆகவே தடித்த செம்பும் ஆகாது.

விடை: அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் பலகை. அதற்குள்ளேயே 200க்கு 120 மைக்ரான் அளவில் நுண்ணிய வாய்க்கால்கள், அவற்றில் மைனஸ் 30 டிகிரியில் கொதித்துக்கொண்டே ஓடும் கார்பன் டை ஆக்சைடு. உணரியும் சிலிக்கான், பலகையும் சிலிக்கான் என்பதால் குளிரும்போது இரண்டும் ஒன்றுபோலச் சுருங்கும், ஒட்டு பிரியாது. கார்பன் டை ஆக்சைடு ஏன்? அந்தக் குளிரிலும் அது 14 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும், அதனால் அதன் ஆவி அடர்த்தியானது. லேப்டாப் குழாயின் நீராவியோடு ஒப்பிட்டால் ஒரு வாட்டுக்கு அது கேட்கும் இடம் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. செம்புக் குழாயில் நம்மைப் பாடாய்ப்படுத்திய ஆவிச் சந்து இங்கே மயிரிழை அளவு போதும். பதிலுக்கு வேறொரு தலைவலி: பம்பை நிறுத்திப் பலகை அறைச்சூட்டுக்கு வந்தால் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல 57 மடங்குக்கு ஏறும். உடையக்கூடிய சிலிக்கான் அதைத் தாங்க வேண்டும், அதில் பற்றவைத்த உலோக இணைப்பும் தாங்க வேண்டும்.

பம்ப் இருந்தால் திரவம் போய்ச் சேருவது உறுதி என்றுதான் தோன்றும். அங்கேயும் அதே சிக்கல் வேறு வேஷத்தில் வருகிறது. இணையாக ஓடும் வாய்க்கால்களில் ஒன்று கொஞ்சம் அதிகம் சூடானால் அதில் அதிகமாகக் கொதிக்கும். அதிகம் கொதித்தால் அந்த வாய்க்காலில் தடை கூடும். தடை கூடினால் திரவம் பக்கத்து வாய்க்காலுக்கு நழுவிவிடும். தண்ணீர் அதிகம் தேவைப்படும் வாய்க்காலுக்கே தண்ணீர் வராது. கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெலோவை வடிவமைத்தவர்கள் செய்த வேலை, ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலும் 60க்கு 60 மைக்ரான் அளவில் ஒரு குறுகிய மடை வைத்தது. மொத்தத் தடையில் பெரும்பங்கை எல்லோருக்கும் பொதுவாக வாயிலிலேயே வசூலித்துவிட்டால், உள்ளே ஒருவர் கொஞ்சம் கூடுதலாகக் கொதித்தாலும் பங்கீடு மாறாது. இடம் இல்லாத இடத்தில், இருக்கும் வழியையும் வேண்டுமென்றே இன்னும் குறுக்கினார்கள் என்பது எனக்கு இன்றும் ரசிக்கத்தக்கதாக இருக்கிறது.

அறுத்த குழாயின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். தூசி தட்டக் கொடுத்த இடத்தில் லேப்டாப்பைத் திரும்ப மாட்டும்போது குழாய் சரியாக உட்காரவில்லை, யாரோ கட்டைவிரலால் அமுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பெரிய ஃபைலைத் திறந்தாலே ஃபேன் அலறும். திரும்பக் கொண்டுபோனபோது, கடைத் தம்பி கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், ஓட்டை எதுவும் இல்ல. பைப் நல்லாத்தான் இருக்கு” என்றார். பொய் சொல்லவில்லை, ஓட்டை இல்லைதான். வேறு குழாய் வாங்கிப் போட்டுக்கொண்டு பழையதை எடுத்துவந்தேன். முதலில் சொன்ன அறுப்பு அதன் நேரான பகுதியில். அடுத்து, விரல் பட்டுப் பள்ளம் விழுந்த இடத்தில் ஓர் அறுப்பு போட்டேன். அங்கே மேல்திரியும் கீழ்த்திரியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அதற்குள் ஒரு சீட்டு என்ன, தாள்கூட நுழையவில்லை.